மாதம் ஒரு புத்தகம், முதலில் ஞானஸ்நானம்

சுகிர்தம் மெதடிஸ்ட் சபைக்காரி. அவள் கணவன் இக்னேசியஸ் கத்தோலிக்கன். கலியாணமான புதிதில் அதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. ஞாயிறானால் அவரவர் கோயிலுக்குப் போய்வந்து, மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் சண்டை முளைத்தது. பிள்ளைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம்?

1981 ஜனவரி முதலாம் திகதி காலையிலும், லிந்துலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டில் அதே பேச்சுத்தான்.

"எங்க கோயில்லதான் குடுக்கணும். அதான் முறை," என்றான் இக்னேசியஸ்.

"எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? வாசிச்சிருக்கீங்களா?"

அவன் திருப்பிக் கேட்டான்: "நீ வாசிச்சிருக்கியா?"

அவளும் வாசித்ததில்லை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே தீர்மானமும் பிறந்தது. இந்த வருடம் மாதம் ஒரு இறையியல் புத்தகம். அவன் சபையின் புத்தகம் அவளுக்கு, அவள் சபையினுடையது அவனுக்கு. இக்னேசியஸ் காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தான். படைப்பு, திரித்துவம், கிருபை...

"பூமி உண்டானத அப்புறம் பாப்போங்க. புள்ள ஆடியில வந்துரும். மொதல்ல ஞானஸ்நானம்!"

அடுத்த ஞாயிறே புத்தகங்கள் வந்தன. "பாத்தும்மா, அவரு நம்ம பக்கம் வந்துரப் போறாரு," என்று சிரித்தபடி சுகிர்தத்தின் போதகர் ஒன்று தந்தார். இக்னேசியஸ் தன் சாமியாரிடமிருந்து அட்டை கிழிந்த ஒன்றை வாங்கிவந்தான்.

சுகிர்தத்துக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் குழந்தைகள் தொட்டிலில் உறங்கும் நேரத்தில் வரிவரியாக வாசித்தாள். சில வரிகளை மூன்று தரம் படித்தும் பிடிபடவில்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. இதையெல்லாம் இத்தனை நாள் யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று ஆத்திரமாகக்கூட இருந்தது.

ஒரு புதன்கிழமை அந்த வரி வந்தது. வேறு சபையார் கொடுத்தாலும், தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்திருந்தால் அது செல்லும்; மறுபடி கொடுக்கலாகாது.

சுகிர்தம் புத்தகத்தை மூடிவைத்தாள். கூட வேலைசெய்யும் வீரம்மாவிடம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூறலில் இக்னேசியஸ் வேலைசெய்யும் தேயிலைத் தொழிற்சாலைக்கு விரைந்தாள். கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடிகள் இரைந்துகொண்டிருந்தன.

"என்னங்க! செல்லுமாம்! எங்க கோயில்ல குடுத்தாலும் உங்க சபையில செல்லுமாம்!"

இக்னேசியஸ் கையிலிருந்த கொழுந்தைப் போட்டுவிட்டு அசடு வழியச் சிரித்தான். "உங்க புத்தகத்துலயும் அதான் இருக்கு. நேத்தே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எங்க கோயில்லதான்னு அடம்புடிச்சேனே, தோத்துட்டேன்னு நெனப்பியேன்னு..."

"யாருங்க தோத்தது? ரெண்டு பேருமே செயிச்சிருக்கோம்!" அவளுக்கு அங்கேயே கூத்தாடலாம் போலிருந்தது.

ஆடி மழையில் பெண் பிறந்தாள். பச்சைக் குழந்தையோடு நடக்கக் கிட்டே இருந்தது சுகிர்தத்தின் கோயில்தான். அங்கேயே கொடுத்தார்கள். இக்னேசியஸின் அக்கா பெற்றீசியா முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். வாசலில் தம்பி அவளுக்குப் பக்கம் பக்கமாக விளக்கினான். குழந்தையோடு நின்ற சுகிர்தம் நடுநடுவே திருத்தினாள்.

கடைசியில் பெற்றீசியா கேட்டாள்: "அந்தப் புத்தகம் இப்ப யாருகிட்ட இருக்கு?"

"உங்க சாமியார்கிட்டதான் மதினி. கேட்டா குடுப்பாரு."

பன்னிரண்டு என்று தொடங்கியவர்கள் அந்த வருடம் எட்டுத்தான் முடித்தார்கள். பெற்றீசியா ஒன்று வாசித்தாள்.