பனைமரத்திலிருந்து பதினாறு எட்டு

"வேற ஏதாச்சும் இருக்குங்களா ஐயா?" என்று சாமியார் கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். மற்றவர்கள் முழங்காலில் இருந்து, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். எனக்கு வலது முட்டி மடங்காது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்தபோது இரும்புக் குழாய் விழுந்து நசுங்கியது. அதனால் நாற்காலி போட்டிருந்தார்கள். குடித்தது, பொய் சொன்னது, பெண்டாட்டி சூசையம்மாளை அடித்தது, முப்பத்தோரு வருஷமாகக் கோவில் பக்கமே வராதது, எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. ஏன் வரவில்லை என்று கேட்டால் பேச்சிலேயே ஒரு வெட்டு வெட்டலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவில்லை. எனக்குச் சாமியார்களை நம்பிப் பழக்கமில்லை. இவர் என் பேரன் வயது வேறு.

போன மாதம் நெஞ்சு அடைத்து அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தேன். அதற்குப் பிறகுதான் சூசையம்மாள் நச்சரித்து என்னை இங்கே இழுத்து வந்தாள். கட்டிலில் கிடந்தபோது, சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. கடவுள் உன்னை எதற்காகப் படைத்தார்? பதில் மறந்துவிட்டது. நான் செய்ததெல்லாம் பூமியில் ஓட்டை போட்டதுதான். முப்பது வருஷமாக, ஆறரை இஞ்சு ஓட்டை. தண்ணீர் பீய்ச்சி அடித்த ஓட்டை ஒன்றும் கண்ணுக்கு வரவில்லை. வெண்ணந்தூர் ஓட்டை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அதையும் சொன்னேன். "பன்னண்டு வருஷத்துக்கு முந்திங்க. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு வெள்ளாமைக் காட்டுல தொள்ளாயிரம் அடி ஓட்டுனோம். வெறும் புழுதிதான் வந்துச்சு. எறக்குன குழாய உருவீருங்கன்னாரு காட்டுக்காரரு. உருவீட்டா வாய் தெறந்து கெடக்கும். மூடறது நம்ம வேலையில்லைன்னு, ஒரு யூரியாச் சாக்கத் திணிச்சு, மேல கல்லு வெச்சுட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டோம்."

"அப்புறம் மூடுனாங்களா?"

"தெரியாதுங்க சாமி. டிவியில எங்காச்சும் கொழந்த குழிக்குள்ள உழுந்துருச்சுன்னா, ஊரு பேரச் சொல்றதுக்குள்ள எந்திரிச்சு வெளிய போயிருவேன்."

அவர் பாவமன்னிப்புக் கொடுக்கக் கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவர் மன்னித்துவிட்டால் குழி மூடிக்கொள்ளுமா? நான் பாட்டுக்கு லேசாகி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பேன்.

"இருங்க சாமி. போயிப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

"பூசை முடியட்டும், நானும் வண்டியில வாரேங்க" என்றார். நான் நிற்கவில்லை.

வாசலில் சூசையம்மாள், "அதுக்குள்ளயா? உங்க பாவத்துக்கு மத்தியானம் வரைக்கும் ஆவும்னு நெனச்சேன்" என்றாள்.

"பாதிதான் ஆச்சு" என்றேன்.

பஸ்ஸில் மாத்திரை டப்பாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெண்ணந்தூரில் இறங்கி நடந்தால், காடு முழுக்க ஆள் உயரத்துக்குக் குச்சிக்கிழங்கு, மரவள்ளிச் செடி. அப்போது பயிரில்லாத வெறும் மேட்டாங்காடு. மூலையில் ஒரு பனைமரம் நிற்கும். அதிலிருந்து கிழக்கே பதினாறு எட்டு வைத்தால் குழி. அந்தப் பனைமரத்தைக் காணோம்.

வரப்பில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, மண்ணுக்குள்ள தண்ணி எங்கன்னு பாக்க வந்த ஆளா? எங்கூட்டுக்காரரு தேங்காய உள்ளங்கையில வெச்சு நடந்து பாத்துட்டாரு. தேங்காதான் ஒடஞ்சுது, சட்டினி அரைச்சோம்."

"இந்தக் காடு ஆருதுங்க?"

"எங்களுதுதான். வாங்கி மூணு வருஷமாச்சு. நான் குப்பாயி."

"இங்க பனைமரம் ஒண்ணு நின்னுச்சே?"

"செங்கச் சூளைக்கு வெட்டிக் குடுத்துட்டமுங்க. ஏன், அதுல உங்களுக்குப் பங்கா?"

"பக்கத்துல ஒரு போர்க்குழி இருந்துச்சுங்க. நாந்தான் போட்டேன். மூடுல."

ஆடு அவள் கையிலிருந்த தழையை இழுத்தது. அவள் விட்டுவிட்டாள். "குழியா? விக்கறப்ப அந்தாளு ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள். அடுத்த நொடி காட்டைப் பார்த்துத் திரும்பி, "நித்யா! ஏ நித்யஸ்ரீ!" என்று கத்தினாள்.

"என்ன அப்பத்தா?" என்று செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. இலைகள் அசைந்தன. ஓடி வருகிறாள்.

"நில்லு சாமி! அங்கயே நில்லு, நவுராதே!" என்று நான் கத்தினேன்.

இலைகள் நின்றன. குப்பாயி உள்ளே பாயப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "நீங்களும் போவாதீங்க. நான் தடவிக்கிட்டே போறேன்." என்னை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். "போங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

நிமிர்ந்து நடந்தால் தரை தெரியாது. கீழே இறங்கினேன். வலது முட்டியில் ஏதோ மளுக்கென்றது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மாத்திரை டப்பா எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் மண்ணைத் தட்டித் தட்டி, குரல் வந்த பக்கமாக ஒவ்வொரு சாணாக நகர்ந்தேன். ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "பேசிக்கிட்டே இரு சாமி, பேசிக்கிட்டே இரு" என்பதுதான் வந்தது.

"நீங்க ஆரு? எதுக்குத் தவந்து வாரீங்க?" என்று அவள் கேட்டாள். செடிகளின் ஊடே அவள் பாதங்கள் தெரிந்தன. ஒன்றில் செருப்பில்லை.

கையை முன்னே நீட்டினேன். அவள் பாதத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், மண்ணில் வெள்ளையாக அந்த யூரியாச் சாக்கின் இழை விரலில் சிக்கியது. மெல்ல இழுத்தேன். அது கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தது.