தூசிக்கு ஊதிய சங்கு

1974 ஆடியில், சின்னக்கானல் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில், கூட்டிக் குவித்த தூசி ஒரு டம்ளராக எழுந்து நின்றது. பெருக்குகிற சுருளியம்மாள் அதில் பால் விடாத கட்டஞ்சாயா ஊற்றிப் பார்த்தாள். ஒழுகவில்லை. அந்த மாதம் தொழிற்சாலைச் சங்கு வேறு பழுதாகிக் கிடந்தது. ஆட்கள் கடிகாரம் பார்த்து வேலை முடித்தார்கள்.

பாலக்காட்டிலிருந்து ஆராய்ச்சி அதிகாரி சிவராமகிருஷ்ணன் நுண்ணோக்கியோடு வந்தார். தூசியிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் அணு அணுவாக எடுத்து, செங்கல் போல அடுக்குகின்றன என்று முதல் நாளே கண்டுகொண்டார். அதில் எதை ஆராய்வது என்பதுதான் தலைவலி. இரண்டு வாரம் யோசித்து மூன்று இலக்குகள் எழுதினார்: எவ்வளவு சிறியது, எவ்வளவு வேகம், என்னென்ன செய்யும்.

"அதுகளுக்கு வேல சொன்னது யாரு சார்?" என்றாள் சுருளியம்மாள்.

"யாரும் சொல்லலையாக்கும். அதான் டம்ளர் பண்ணிண்டு நிக்கறது."

அவள் புருஷன் ராக்கப்பன் இருபது வருஷம் அதே அறையில் தூசியைச் சுவாசித்தவன். பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவான். தை தாண்டமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே கிடக்கும் தூசி டம்ளர் செய்யுமென்றால், உள்ளே கிடப்பது சும்மா இருப்பானேன்? எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி கங்காணி வேலை சொல்வார். எப்போது முடிப்பது என்று சொல்லமாட்டார். அதைச் சங்கு சொல்லும். அவளும் கங்காணி போலவே அவன் நெஞ்சுக்கு எதிரே நின்று, "இந்த நெஞ்சச் சரி பண்ணுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் ராக்கப்பன் மேடு ஏறினான். ஐந்தாம் நாள் அவன் மூச்சு விட்டதில் எதிர்வரிசை வீட்டுக் கொடியிலிருந்த துணி பறந்தது. "யக்கா, ஒம் புருசனச் சுவத்தப் பாத்துப் படுக்கச் சொல்லு" என்றாள் அடுத்த வீட்டு சந்தனமேரி. ஏழாம் நாள் விலா எலும்புகள் விரிந்து, நெஞ்சு கதவை அடைத்தது.

"ஏ புள்ள, உள்ள இன்னும் கட்டிக்கிட்டே இருக்கு. நிறுத்தச் சொல்லு, வெடிச்சிருவேன்."

சொன்னாள். தூசி கேட்கவில்லை. இருபது வருஷமாகச் சங்குக்கு மட்டுமே அடங்கிய தூசி அது. சுருளியம்மாள் மழையில் ஓடி அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி, சங்கை ஊத வைக்கச் சொன்னாள். அவர் நுண்ணோக்கியின் பித்தளைக் குழாயைக் கழற்றிக் கொடுத்தார். இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் அதைச் சங்கின் உடைந்த குழாய்க்குப் பதிலாகப் பொருத்தினார். மாலை ஐந்துக்குச் சங்கு ஊதியது. ராக்கப்பனின் நெஞ்சு பால் பொங்கி அடங்குவதுபோல் அடங்கியது.

சிவராமகிருஷ்ணன் மூன்று இலக்குகளையும் அடித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினார்: எப்படி நிறுத்துவது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சுருளியம்மாள் அவன் நெஞ்சைப் பார்த்து, "இன்னைக்குக் கிழிசல் மட்டும் அடைங்க" என்று வேலை சொல்வாள். ஐந்துக்குச் சங்கு நிறுத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது. அன்று ஐந்துக்கு வாசலில் நின்று அவளே வாயால் ஊதுவாள். அதைக் கேட்டு மற்ற வீடுகளில் சாயாவுக்கு அடுப்பு மூட்டுவார்கள்.