குதிரைக்கு மட்டும் பேர்

படம் முடிந்தும் கள்ளக்குறிச்சி தியேட்டரில் கைதட்டல் ஓயவில்லை. இலக்கியா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்வராயன் மலையில் எடுத்த குதிரைப் படம் என்று ஊரே திரண்டு வந்திருந்தது. குடும்பத்தோடு பார்க்கவேண்டிய காவியம் என்று சென்னை விமர்சகர்கள் ஏற்கெனவே கொண்டாடிவிட்டார்கள். பனி, அருவி, பாறைமேல் நிற்கும் வெள்ளைக் குதிரை என்று எல்லாமே அழகுதான். ஆனால் அதை வளர்க்கும் மலைக்குடும்பத்துக்கு நடிகர்களைக் கொண்டுவந்து முகத்தில் கரியைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். குதிரைக்கு முத்தழகு என்று பேர். அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் பேரில்லை. அவர்கள் சோற்றை வாரித் தின்னும்போது தியேட்டரே சிரித்தது.

பக்கத்தில் இருந்த இருசம்மாள் சிரிக்கவில்லை. சங்கராபுரத்தில் இலக்கியாவின் தெருக்காரி அவள். கரும்பு வெட்டுகிறவள், இந்தப் படத்தின் கூட்டக் காட்சியில் நிற்கப் போயிருந்தாள்.

"எம் மூஞ்சி பத்தலியாம்மா. இன்னும் கறுப்பா வேணும்னு அப்புனாங்க. வூட்டுக்கு வந்தும் கண்ணு எரிஞ்சிக்கினே இருந்திச்சி," என்றாள்.

தீனதயாளன் நடத்தும் உள்ளூர் யூடியூப் சேனலில் பட விமர்சனம் சொல்வதுதான் இலக்கியாவின் வேலை. அன்றைக்கே கேமரா முன்னால் உட்கார்ந்து பேசினாள். கண்ணை எடுக்கவே முடியாத அழகு என்று தொடங்கி, அந்த அழகுக்காக மனிதர்கள் முகத்தில் கரி பூசியது அருவருப்பாக இருக்கிறது என்று முடித்தாள்.

மறுநாள் சேனலைத் திறந்தால் முதல் வரி மட்டும்தான் இருந்தது. படக் கம்பெனியும் அதையே விளம்பரத்தில் ஓட்டியது. அவள் நேராக ஆபீசுக்குப் போனாள்.

"நம்ம மலைய ஊர் உலகமே பாக்குது. அத்த வுட்டுட்டு கரி கரின்னுகினு கீறியே," என்றார் தீனதயாளன். அவளுக்கு டீ வாங்கி வர ஆளனுப்பினார்.

"கரி இருக்கட்டும்ங்க. எம் பேச்ச வெட்டி ஒட்னீங்களே, அது இன்னா?"

அவர் போனை நோண்டினார். அவள் டீயைத் தொடாமல் எழுந்து வந்தாள். அந்த ஆபீசுக்கு அப்புறம் போகவே இல்லை.

முழு விமர்சனத்தையும் தன் சொந்தப் பக்கத்தில் போட்டாள். ஊர்ப் பேரைக் கெடுக்கிறாள் என்று திட்டித் தீர்த்தார்கள். அப்பா ராமசாமிகூட எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். விஷயம் தெரிந்த இருசம்மாள், தானே பேசுகிறேன் என்று வந்தாள். கரும்புக்கொல்லை வரப்பில் நின்று, தன்னை நிறுத்தி வைத்துப் பூசியதையும் பூசியவர்கள் சிரித்ததையும் நிதானமாகச் சொன்னாள். இலக்கியா போனில் எடுத்துப் போட்டாள்.

படத்தைத் தூக்கிவைத்து எழுதிய சென்னை விமர்சகர் ஒருவரே அதைப் பகிர்ந்தார். 'சாயங்கால வெயிலில் என்ன ஒரு முகம். எடுத்தவருக்கு நல்ல கண்' என்று எழுதியிருந்தார். இருசம்மாள் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே நூறு பேர் அதற்கும் கைதட்டியிருந்தார்கள்.

இன்னா எழுதிக்கீறாங்க என்று இருசம்மாள் கொல்லை வரப்பில் நின்றபடி கேட்டாள். இலக்கியா கூச்சத்தோடு படித்துக் காட்டினாள்.

இருசம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினாள். பிறகு தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரும்புக்குள் இறங்கினாள்.