குளோரியின் கட்டிலருகே ஒரு முக்காலி

1

“உனக்க கதையில எல்லாவளுக்கும் கல்யாணம் நடக்கு. ஒருத்தியாவது பிள்ளை பெத்திருக்காளாடி?” என்று ஷியாமளா கேட்டாள்.

“பெத்திருக்காளே. அடுத்த அத்தியாயத்துல தொட்டில் ஆடும்லா?”

“அதாக்கும் நான் சொல்லுதது. கல்யாணத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவுல நான் ஒருத்தி கையுறை போட்டுக்கிட்டு நிக்கேன். என்னைய மட்டும் காணல்ல.”

இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது. ஷியாமளா என் பள்ளித் தோழி. மகப்பேறு மருத்துவம் படிக்க வரும் இளம் டாக்டர்களுக்கு இப்போது பயிற்சி கொடுக்கிறாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் பாதிப் பிரசவம் சிசேரியனாம்.

“எனக்கிட்ட படிக்க பிள்ளைகளுக்கு வெட்டத் தெரியும், அழகா தைக்கவும் தெரியும். காத்திருக்கத்தான் பயம். வெட்டினா ஆரும் ஏன்னு கேக்கமாட்டாவ. காத்திருந்து ஒண்ணு ஆயிப்போச்சுன்னா கோர்ட்டு வரை இழுப்பாவ. இதை எழுதேன் நீ.”

2

முதல் தொடக்கம்: ‘அந்தக் காலத்தில் பெண்கள் நாற்று நட்டபடியே வரப்போரம் பிள்ளை பெற்று, இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு…’

(ஃபோனில் வாசித்துக் காட்டினேன். “போடி அங்க!” என்றாள் ஷியாமளா. “பெத்தவளைப் பத்தி எழுதுத. பெறமுடியாம செத்தவளைப் பத்தி ஆரு எழுதுவா? அண்ணைக்குக் கத்தி எடுக்க ஆளு இல்லாம எத்தனை பேரு போனாவ!”)

அடித்துவிட்டேன். ஆனால் அந்தக் காலத்தை விட்டுவர மனமில்லை. கத்தி எளிதில் கிடைக்காத ஊரில் ஒரு டாக்டரை உட்கார வைத்துப் பார்க்க ஆசை.

3

ஆகவே 1954. திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலிருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடேறியிருந்த ஆண்டு. பாறசாலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி.*

அங்கே டாக்டர் லீலாபாய். படிப்பு முடித்துப் புதிதாக வந்தவள். படிக்கும்போது பேராசிரியர் வெட்ட, இவள் காயத்தின் ஓரத்தைக் கருவியால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தானாக வெட்டியதில்லை.

கட்டிலில் குளோரி. நேற்றிலிருந்து வலி. வெட்டத் தெரிந்த பெரிய டாக்டர் திருவனந்தபுரத்திலிருந்து காரில் புறப்பட்டுவிட்டார். ஆனால் அமரவிளையில் ரோட்டின் குறுக்கே ஒரு மரம் கிடக்கிறது.

குளோரியின் கணவன் ராபின்சன் தலையைச் சொறிந்தான். “டாக்டரம்மா, அந்த மரத்தை வெட்டிப் போட்டது நாங்களாக்கும்.”

“நீங்களேயா?”

“போலீஸ் வண்டி வரப்பிடாதுன்னு போட்டோம். டாக்டர் வண்டியும் வரும்னு ஆரு நினைச்சா?”

உள்ளேயிருந்து குளோரி கத்தினாள்: “எனக்க பிள்ளை எந்த ராஜ்யத்துல வேணும்னாலும் பிறக்கட்டும். நீரு முதல்ல போயி அந்த மரத்தை மாத்தும்!”

ராபின்சன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு ஓடினான்.

* தேட வேண்டாம். அந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஓடு வேய்ந்ததே நேற்று மாலைதான்.

4

ராபின்சன்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. தான் வெட்டிய மரமே தன் மனைவிக்குக் குறுக்கே விழுவது கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. வேறு யாரோ வெட்டியதாக மாற்றிப் பார்த்தேன். உடனே அவன் வராந்தாவில் நின்று கண்ணைத் துடைக்கும் கணவனாகிவிட்டான். என் நாவல்களில் அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே நிறைய. ரம்பத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லீலாபாய் குளோரியின் வயிற்றில் குழலை வைத்துக் கேட்கிறாள். குழந்தையின் துடிப்பு சீராக இருக்கிறது. குளோரிக்குக் களைப்பு உண்டு, ஆபத்து இன்னும் தெரியவில்லை. ஆனாலும் லீலாபாய் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்க்கிறாள். வருகிறாள். மறுபடியும் போகிறாள்.

முடிவு ஒன்று: மரம் விலகுகிறது, கார் வருகிறது, பெரிய டாக்டர் வெட்டுகிறார், குழந்தை அழுகிறது. எழுதும்போது நானும் அழுதேன்.

முடிவு இரண்டு: கார் வருமுன்பே குழந்தை வந்துவிடுகிறது. ராபின்சன் தலைமுடியெல்லாம் மரத்தூளோடு வந்து நிற்க… (இதற்கும் அழுதேன். என் கண்ணீரை நம்ப வேண்டாம்.)

இரண்டையும் ஷியாமளாவுக்கு அனுப்பினேன்.

“ரெண்டும் நடக்கதுதான். ரெண்டுலயும் தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ, எனக்குச் சந்தோஷம். ஆனா உனக்க லீலாபாய் ஏன் எப்பவும் வாசல்லயே நிக்கா?”

“கார் வருதான்னு பாக்கா.”

“எனக்க பிள்ளைகளும் அப்படித்தான். மெஷினைப் பாக்கும், மணியைப் பாக்கும். கட்டில்ல கிடக்கவளுக்க முகத்தை ஒருத்தரும் பாக்கமாட்டாவ. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குத் தெரியல்ல.”

5

ஷியாமளா, எனக்கும் தெரியாது. குளோரிக்குத் தெரிந்திருக்கலாம்.

மூத்தவனைப் பெற்றபோது அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெள்ளைக் கோட்டுகள் வந்தன, பார்த்தன, போயின. ஒன்று கேட்க நினைத்தாள். இதையெல்லாம் டாக்டர்களிடம் கேட்பார்களா என்று விழுங்கிவிட்டாள்.

வாசகரே, லீலாபாய்க்காக ஒரு முக்காலியைக் கட்டிலருகே போட்டு வைத்திருக்கிறேன். கார் முந்துமா, பிள்ளை முந்துமா என்பதை உங்களிடம் விடுகிறேன். எது வந்தாலும் நல்லபடியாக வரட்டும். எனக்கு இன்னும் ஒரே ஒரு காட்சிதான் பாக்கி.

வெளியே ஏதோ சத்தம். லீலாபாய் மறுபடியும் வாசலுக்குக் கிளம்பினாள். குளோரி அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“விடு குளோரி, கார் வருதான்னு பாத்துட்டு வாறேன்.”

“வந்தா அதுக்கு ஹார்ன் உண்டும்லா, டாக்டரம்மா?”

லீலாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வலி எழும்பிக் குளோரியின் முகத்தை இறுக்கியது. அது அடங்கும்வரை தலைப்பை அவள் விடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“வெட்டணும்னா வெட்டட்டும், நான் வேண்டான்னு சொல்லமாட்டேன். மூத்தவனைப் பெத்த அண்ணைக்கே கேக்கணும்னு இருந்தேன், வாய் வரல்ல. நீங்க எங்கயும் போவாண்டாம். எனக்க பக்கத்துல கொஞ்சம் இரியுங்க.”