செத்த வீட்டுக்கு இனிப்பு

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. இதைப் பிரபாலினிக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்க வேண்டும் என்று தெரிவதுபோல இதுவும் தெரியும், அவ்வளவுதான். அதனால் புதன்கிழமை காலை தொழிற்சாலைப் பொறுப்பாளர் வந்து, மரிபெலின் தாய் மெக்சிகோவில் இறந்துவிட்டாள், மரிபெல் இந்தக் கிழமை முழுக்க வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனபோது, அவள் மனதில் முதலில் எழுந்த கேள்வி, "அந்த வீட்டில் இப்ப ஆர் சமைக்கிறது?" என்பதுதான்.

ஒருத்தரும் இல்லை. மரிபெல் தனிக்கட்டை. புருசன் என்று ஒருவன் இருந்து, எப்போதோ பிரிந்து போய்விட்டான். மகன் கனடாவில். பீல் நகரத்தில் அவளுக்கு நெருக்கமானவர் யார் என்று கேட்டால், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் இருக்கிற பிரபாலினிதான்.

இரண்டு பேருக்கும் முள் பொருத்துகிற வேலை. கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் இடுக்கி, நாள் முழுக்கக் குனிந்த தலை. முள் கொஞ்சம் சரிந்தாலும் பிரபாலினி கழற்றிவிட்டு மறுபடி பொருத்துவாள். "போதும் விடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று மரிபெல் சிரிப்பாள். பேச்சு பாதி பிரெஞ்சு, பாதி ஜெர்மன், மிச்சம் கை. தமிழில் மரிபெலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். வேலை முடிந்து எழும்பும்போது பிரபாலினி தன்னை அறியாமல் "வாறன்" என்பாள். வருசக்கணக்காய்க் கேட்டுக் கேட்டு, மரிபெலும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு "வாறன்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

அன்று பின்னேரமே பிரபாலினி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியுமாய் அடுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மரிபெல் சோபாவில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அங்கே அடக்கம் முடிந்துவிட்டதாம். அவள் விமானம் ஏறியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. பிரபாலினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழும்பி, வழக்கு வக்கீல் மாதிரிச் சொன்னாள்:

"மூன்று நாளைக்கு நீ அடுப்புப் பக்கம் போகக்கூடாது. எங்கள் வழக்கம் அது. சாப்பாடு என் பொறுப்பு."

மரிபெல் தலையை ஆட்டினாள். கேட்டாளோ இல்லையோ தெரியாது. பிரபாலினி சும்மா இருக்கிற ஆள் இல்லை. கோப்பைகளைக் கழுவினாள், குப்பையைக் கட்டினாள், மேசையைத் துடைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டத்தில், துணியால் மூடி, வெட்டின பேக்கரிப் பாண் துண்டுகள் கிடந்தன. தொட்டுப் பார்த்தாள், கல்லு மாதிரி. பாவம், சாப்பிட எடுத்து வைத்திருக்கிறாள், செய்தி வந்ததும் அப்படியே காய விட்டுவிட்டாள் என்று நெஞ்சு இளகிப் போய், எல்லாவற்றையும் குப்பைப் பையில் கொட்டிக் கட்டினாள்.

வெளிக்கிடும்போது ஒன்றும் சொல்லவில்லை. செத்த வீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. இன்னொரு சாவுக்கு வருவேன் என்று சொன்னதுபோல ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள்.

வியாழன் பின்னேரம் புதுச் சாப்பாட்டோடு போனால், முதல் நாள் கறியும் சோறும் குளிர்ப்பெட்டியில் அப்படியே இருந்தன. மரிபெல் குசினியில் நின்றாள். முகம் வற்றிப் போயிருந்தது.

"பிரபா, இங்கே ஒரு தட்டில் பாண் வைத்திருந்தேன்."

"காய்ந்து போயிருந்தது. எறிந்துவிட்டேன்."

மரிபெல் கதிரையை இழுத்து அதில் இருந்தாள். "நாளைக்குப் பெரிய வெள்ளி. கப்பிரோத்தாதாவுக்குக் காய வைத்திருந்தேன்."

கப்பிரோத்தாதா! ஒவ்வொரு வருசமும் பெரிய வெள்ளிக்கு முதல் நாள் மரிபெல் தொழிற்சாலைக்குக் கொண்டு வருகிற பாண் புட்டிங். அடுக்கடுக்காய்ப் பாண், இடையில் கச்சான் கடலை, உலர்ந்த முந்திரிகைப் பழம், சீஸ். மேலே சர்க்கரைப் பாகு. கராம்புதான் ஆணிகள், கறுவாப் பட்டைதான் சிலுவை, பாகுதான் இரத்தம் என்று இடைவேளையில் விளக்கிச் சொல்வாள். பிரபாலினி கேட்டுக்கொண்டே இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிடுவாள்.

"அம்மா ஒரு வருசமும் தவற விட்டதில்லை," என்றாள் மரிபெல். "நோயிலும் செய்தாள். போன ஞாயிறுகூட, பாண் காய வைத்தாயா என்று போனில் கேட்டாள்." பிறகு, "பரவாயில்லை. எனக்கும் கை ஓடாது," என்றாள்.

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தப் "பரவாயில்லை"தான் பிரபாலினியைக் குத்திக் கிழித்தது. தாய் மகளிடம் கடைசியாய்க் கேட்ட பாணைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டிருக்கிறாள், அதுவும் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு!

"இன்னொன்று," என்றாள் மரிபெல். "நேற்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாய். என்னில் கோபமா?"

"கோபம் இல்லை," என்றாள் பிரபாலினி. அதற்கு மேல் விளக்க அவளிடம் பிரெஞ்சும் இல்லை, ஜெர்மனும் இல்லை. அன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல்தான் இறங்கினாள். ஆனால் கீழ்ப்படிக்கு வருவதற்குள் முடிவு எடுத்துவிட்டாள். நாளைக்கு மத்தியானம் மரிபெலின் மேசையில் கப்பிரோத்தாதா இருக்கும். இல்லாவிட்டால் தன் பெயர் பிரபாலினி இல்லை.

தமிழ்க் கடையில் சர்க்கரையும் கறுவாவும் கராம்பும் கச்சானும் கிடைத்தன. ஈஸ்டருக்கு மூடுவதற்கு முன் பேக்கரியில் நல்ல பாணாய்ப் பார்த்து வாங்கினாள், சூடு ஆறாத பாண். காய வைப்பதெல்லாம் மரிபெலின் சிக்கனம் என்று நினைத்தாள். துக்கத்தில் இருக்கிறவளுக்குப் பழைய பாணைக் கொடுப்பதோ? கொடுப்பதை நல்லதாய்க் கொடுக்க வேண்டாமோ?

வீட்டில் சர்க்கரை கரையும் மணம் எழும்பியதும் புருசன் இராஜேந்திரன் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். உணவகக் குசினியில் முப்பது வருசம் நின்ற மனிதர். வீட்டுக் குசினியில் அபிப்பிராயம் மட்டும்தான் சமைப்பார்.

"ஆருக்கு இது?"

"மரிபெலுக்கு."

"உமக்கென்ன விசரோ? செத்த வீட்டுக்கு இனிப்புக் கொண்டு போறதோ? சனம் கேட்டால் காறித் துப்பும்."

"அவ ரெண்டு நாளாய் ஒண்டும் சாப்பிடேல்லை."

"அதுக்குச் சோறு கொண்டு போம், புட்டுக் கொண்டு போம். இனிப்பு ஆகாதப்பா."

அவர் சொன்னது பிழை இல்லை. அதுதான் பிரபாலினிக்கு எரிச்சல். அவள் கையே அதைத்தான் சொன்னது: பாகை ஊற்றப் போன கை பாதியில் நின்றுவிட்டது. சரி, கொஞ்சம் குறைத்தால் இனிப்பும் ஆகும், இனிப்பு இல்லாமலும் ஆகும் என்று ஒரு சமாதானத்துக்கு வந்து, பாதிப் பாகை மிச்சம் பிடித்துக்கொண்டு தட்டத்தை ஓவனுக்குள் தள்ளினாள்.

வெளியே வந்தது ஒரு களி. புதுப் பாண் பாகைக் கண்டதும் உருகிக் கரைந்து, கச்சானும் சீஸும் அதில் மூழ்கிக் கிடந்தன. வாயில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுக்கிற பாண் கஞ்சி தோற்றது.

"நான் சொன்னனான்," என்றார் இராஜேந்திரன், கரண்டியை நக்கிக்கொண்டு. "விடும். உம்மடை சாப்பாடே இல்லை இது."

பிரபாலினி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு நேரே இருந்தாள்.

"அப்பா செத்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

இராஜேந்திரன் கரண்டியை வைத்தார்.

அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது இவர்களுடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. நாட்டை விட்டு வெளியே போக ஏலாது. பீலுக்கு வந்த புதிது, மாடிக் குடியிருப்பில் ஒருத்தரையும் தெரியாது. இராஜேந்திரனுக்கு உணவகத்தில் லீவு கொடுக்கவில்லை. கைக்குழந்தை கோபிஷா பசியில் அழுதது. அப்பா செத்த செய்தி வந்த அதே வீட்டில், அதே நாளில், பிரபாலினி தானே அடுப்பைத் திருகிச் சோறு வைத்தாள்.

"என்ரை அப்பா செத்த அண்டு என்ரை அடுப்பை நானே மூட்டினன்," என்றாள். "ஒரு கதவும் திறக்கேல்லை. ஒருத்தரும் ஒரு தேத்தண்ணி கொண்டு வரேல்லை. அது எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை. இன்னொருத்திக்கு அப்பிடி நடக்க நான் விடமாட்டன்."

"ஓம், அது சரி. நான் சாப்பாடு வேண்டாமெண்டு சொல்லேல்லை. இனிப்பு…"

"நாளைக்கு என்ன நாள்? அவையின்ரை சாமி செத்த நாள். சாமியின்ரை செத்த வீட்டுக்கே அவை இனிப்புத்தான் செய்யினம். தாயின்ரை செத்த வீட்டுக்கு ஆகாதோ?"

இராஜேந்திரன் களித் தட்டத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினார். முப்பது வருசக் குடித்தனத்தில் அவர் வீட்டில் தட்டம் கழுவிய நாட்கள் சொற்பம். அது அதில் ஒன்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கை?"

"எல்லாக் கடையும் பூட்டு. ஸ்டேஷன் கடை மட்டும் திறந்திருக்கும். எத்தினை பாண்?"

சைக்கிளில் போய், ஹாண்டிலின் இரு பக்கமும் பை தொங்க வந்தார். பாணை வெட்டியது அவர்தான், ஒரே கனத்தில். ஓவனை மெல்லிய சூட்டில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து விட்டு, துண்டுகள் தட்டினால் சத்தம் கேட்கும்வரை காய வைத்தார்கள். புதன்கிழமை தான் குப்பையில் கொட்டிய பாணும் இப்படித்தான் சத்தம் போட்டது என்று நினைத்தபோது பிரபாலினிக்குக் கண் கலங்கியது. காய்ந்தால்தான் பாண் பாகையும் குடிக்கும், பாகுக்குள் நிமிர்ந்தும் நிற்கும். இது மரிபெலின் தாய்க்குத் தெரியும், மரிபெலுக்குத் தெரியும். தனக்குத்தான் நல்ல பாண் வேண்டியிருந்தது!

பட்டர் பூசி, பொரிந்த நிறம் வரும்வரை வாட்டி அடுக்கினாள். கச்சான், முந்திரிகை, சீஸ். மறுபடி பாண். புதிதாய்க் காய்ச்சிய பாகைக் கறுவாவும் கராம்புமாய் எடுத்தாள். கை இந்தமுறையும் நின்றது. கையைப் பார்த்து, "பேசாமல் ஊத்து," என்றாள். கொண்டு போகிறதென்றால் முழு இனிப்பாய்த்தான் கொண்டு போக வேண்டும். கடைசித் துளிவரை ஊற்றி, மூடி, ஓவனுக்குள் வைத்தாள்.

வெந்து வந்ததும் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். அதே ருசி, தொழிற்சாலை இடைவேளை ருசி. இராஜேந்திரன் கையை நீட்டினார். அவள் தட்டத்தைத் துணியால் மூடினாள்.

மத்தியானம் மரிபெல் கதவைத் திறந்தபோதே மணம் உள்ளே போய்விட்டது. அவள் துணியைத் தூக்கிப் பார்த்தாள். மேசையில் இருந்து, கரண்டியால் ஒரு மூலையை வெட்டி வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணீர் தாடைவரை வந்தது, துடைக்கவில்லை. அடுத்த கரண்டி எடுத்தாள். அதற்கடுத்ததும் எடுத்தாள். பசித்த பிள்ளை சாப்பிடுவதுபோல, அழுதுகொண்டும் விழுங்கிக்கொண்டும் சாப்பிட்டாள். பிரபாலினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சீஸ் இன்னும் கூடப் போடுவாள்," என்றாள் மரிபெல் கடைசியில்.

"அடுத்த வருசம் போடுகிறேன்."

மரிபெல் சிரித்தாள். பிறகு கேட்டாள், "ஏன் பிரபா, என் அடுப்பைத் தொட வேண்டாம் என்று இவ்வளவு பிடிவாதம்?"

பிரபாலினி சொன்னாள். பிரெஞ்சும் ஜெர்மனும் கையுமாய், அப்பாவையும் கைக்குழந்தையையும் அந்தச் சோற்றுப் பானையையும் சொன்னாள். எவ்வளவு புரிந்ததோ, மரிபெல் எழும்பிப் போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தாள். பெரிய துண்டாய் வெட்டி வைத்து, பிரபாலினியின் முன்னால் தள்ளினாள்.

"இது உன் அப்பாவுக்கு. பிந்திவிட்டது. பரவாயில்லை, சாப்பிடு."

பிரபாலினி சாப்பிட்டாள். இனிப்பாய் இருந்தது. இத்தனை வருசம் கழித்து அப்பாவுக்காக அவள் அழுதாள், அழுததில் அவளுக்கு வெட்கமாய் இல்லை.

வெளிக்கிடும் நேரம் வந்தது. பையை எடுத்தாள், சப்பாத்தைப் போட்டாள், வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு கதவடிக்குப் போனாள். பின்னாலேயே வந்த மரிபெல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாறன்?" என்று கேட்டாள். தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை ஒரு கேள்வியாக்கி, பயந்து பயந்து கேட்டாள்.

செத்த வீடு. சொல்லக்கூடாத சொல். பிரபாலினி படியில் நின்று யோசித்தாள். செத்த சாமி ஞாயிற்றுக்கிழமை உயிரோடு திரும்பி வருவார் என்று நம்புகிறவளின் வீடு இது. இந்த வாசலில் அந்தச் சொல்லை எதற்கு விழுங்க வேண்டும்?

"ஓம், வாறன்," என்றாள் பிரபாலினி. "நாளைக்கும் வாறன். அடுப்பிலை கை வைக்காதை."