கெல்சி பெட்ராக் இருந்தாள்

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கியவள் டார்லீன் பெட்ராக். பென்சில்வேனியாவின் இந்த ஆற்றோர ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரி. நான் குடிவந்த முதல் பனிக்காலத்தில், பனியில் புதைந்த என் காரை மண்வெட்டியோடு வந்து மீட்டுக் கொடுத்தவள்.

"நீ உன் பாஷையில கதை எழுதறவதானே? எங்க பொண்ணு கெல்சியப் பத்தி எழுது. எங்களத் துரத்தற அந்தக் கூட்டத்தால அதப் படிக்க முடியாது" என்றாள்.

அவள் கணவன் ரஸ் சமையலறையிலிருந்து தலையை நீட்டினான். "போன்ல காட்டினா அதுவே மொழிபெயர்த்துக் குடுத்துடும், டார்."

"குடுக்கட்டும். தப்பும் தவறுமாத்தான் குடுக்கும். மண்டையப் பிச்சுக்கிட்டு உக்காரட்டும்."

வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். அதற்காகவே ஒத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "அந்தச் சனிக்கிழமை மதியம் ஸ்கேட்டிங் அரங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன்..."

வேண்டாம். அவனிடமிருந்து தொடங்கினால் கதை அவனுடையதாகிவிடும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒருவன் உள்ளே வந்து சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் சின்னவள் கெல்சி; ஒன்பது வயது.

இரண்டாம் தொடக்கம், கொஞ்சம் பின்னால் போய்:

அந்த அரங்கில்தான், பள்ளிக்கூட நாட்களில், ரஸ் டார்லீனை இடித்துக் கீழே தள்ளினான். சுவரெல்லாம் ஆரஞ்சு நிறக் கம்பளம். வாடகைச் சக்கரக் காலணிகளின் வியர்வை நாற்றமும் சோளப்பொரியின் வெண்ணெய் வாசமும் ஒன்றாகக் கலந்திருக்கும். மெதுவான பாட்டு வந்தால் விளக்குகளை அணைத்து, "இப்ப ஜோடிங்க மட்டும்" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இடித்த பாவத்துக்கு அவளோடு ஒரு சுற்று சுற்றினானாம். (டார்லீன் இதை மறுக்கிறாள். தான்தான் அவனை இழுத்துக்கொண்டு சுற்றினாளாம்.)

ஊர் அப்போது நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த நல்ல காலம் வேறு: கெல்சி இருந்த காலம். அவளுக்குச் சக்கரத்தில் ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. நிற்பதற்கு யாராவது பெரியவர்களின் வயிற்றைத் தேர்ந்தெடுப்பாள். என் வயிற்றிலும் ஒருமுறை வந்து முட்டி நின்று, "நீங்க நல்ல மெத்துன்னு இருக்கீங்க" என்று பாராட்டினாள்.*

* என் உடம்பைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில் மிக நல்ல வார்த்தை அதுதான்.

3

இனி கோர்டன் லைல். இவனை எழுதத்தான் கை வரவில்லை.

முதலில் அவனுக்கு ஒரு குடிகார அப்பாவைக் கொடுத்தேன். பிறகு ஒரு தனிமையை. இரண்டையும் அடித்துவிட்டேன். அவை நான் இட்டுக்கட்டியவை. இட்டுக்கட்டுவது அவன் தொழில். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வேறு மாநிலத்தில், தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒலிவாங்கி வைத்துக்கொண்டு இணையத்தில் தினமும் பேசினான். நடுநடுவே சத்து மாத்திரை விற்றான். அந்தத் துப்பாக்கிச் சூடே நடக்கவில்லை, எல்லாம் அரசாங்க நாடகம், பெட்ராக் தம்பதி கூலிக்கு அழுத நடிகர்கள், கெல்சி என்று ஒரு பெண் பிறக்கவே இல்லை என்றான்.

கேட்டவர்கள் நம்பினார்கள். தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. "பொண்ண எங்க ஒளிச்சு வச்சிருக்க?" "அழறதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" வீட்டைத் தேடி வருபவர்களுக்குப் பயந்து, ரஸ் கதவு எண் பலகையைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தான். இணையத்தில் இருந்த மகளின் படங்களை ஒவ்வொன்றாக அழித்தான். அந்தக் கூட்டம் அவற்றின்மேல் கிறுக்கி விளையாடியது.

ரஸும் டார்லீனும் லைல்மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள். அந்தக் குடும்பத்தை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் லைலுக்குத் தடை போட்டது. அதை மீறி, இறைச்சி தவிர்க்கும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், எங்கள் தேவாலயத்து மீன் விருந்துக்குக் கேமராவோடு வந்தான். டார்லீன் முட்டைக்கோஸ் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று ரொட்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"டார்லீன், ஒரே ஒரு கேள்வி. உங்க பொண்ணு இப்ப எந்த ஊர்ல, எந்தப் பேர்ல இருக்கா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

"பின்னாடி வரிசை நிக்குது. சாப்பிடறதா இருந்தா தட்ட நீட்டு. இல்லாட்டி நகரு."

அவன் நகரவில்லை. போலீஸ் வந்து நகர்த்தியது. தடையை மீறியதற்காகச் சில வாரம் சிறையில் இருந்தான்.

[இங்கே நீதி வென்றது என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அன்று இரவு டார்லீன் எதுவும் சாப்பிடவில்லை.]

4

அவதூறு வழக்கு விசாரணைக்கு வந்தது. தன் மகள் பிறந்தாள், வாழ்ந்தாள், செத்தாள் என்று ஒரு தகப்பன் சாட்சி சொல்ல வேண்டும். இதைவிடக் கேவலமான வேலையை நான் கற்பனையில்கூட ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அங்கே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது.

அவர்களுடைய வக்கீல் ஆனெட் ஷ்ராம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கெல்சி எப்படி இருப்பா, மிஸ்டர் பெட்ராக்?"

தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஊர் மக்களின் நடுவர் குழுவைப் பார்த்துத் திரும்பினான் ரஸ். "காலையில பால்ல போட்டுத் திங்கற சீரியல்ல இருக்கற இனிப்புத் துண்டு மட்டும்தான் அவளுக்கு வேணும். அத மட்டும் பொறுக்கித் தின்னுட்டு, மிச்சத்த டப்பாவுலயே போட்டுடுவா. நாங்க வருஷக்கணக்கா வெறும் தவிடுதான் தின்னோம்."

நடுவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"ஆத்துல நிலக்கரிப் படகு போனா, ஓடிப்போய் சல்யூட் அடிப்பா. மாலுமி ஹாரன் அடிப்பான். அத்தன மாலுமிக்கும் தன்னத் தெரியும்னு நெனச்சா. 'அப்பா, அவங்கல்லாம் என் பிரெண்ட்ஸ்'னு..."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "ஆட்சேபணை. இதெல்லாம் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது."

நீதிபதி, நரைத்த தலை அம்மாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்படி ஒரு பொண்ணே இல்லைன்னு சொன்னது உங்க கட்சிக்காரர்தானே? இருந்தான்னு இவர் சொல்லட்டும். உக்காருங்க."

ரஸ் சொன்னான். முன்பல் விழுந்ததும் விசிலடிக்க வராமல் அவள் அழுதது. காருக்கு மார்வின் என்று பெயர் வைத்தது. இடி இடித்தால் நாய்க்குப் பயம் என்று சொல்லி, தானே வந்து அப்பா அம்மா நடுவில் படுத்துக்கொண்டது. அத்தனை காலம் யாரிடமும் அவளைப் பற்றி வாய் திறக்கப் பயந்திருந்த மனிதன், பகல் வெளிச்சத்தில், அரசாங்கச் சுருக்கெழுத்தாளர் ஒவ்வொரு சொல்லையும் பதிந்துகொள்ள, தன் மகளைத் திரும்ப எடுத்து வந்தான். டார்லீன் கண்ணை மூடிக்கொண்டு, பழைய பாட்டு கேட்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

நடுவர் குழு லைலுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டுத் தொகையை நான் எழுதப் போவதில்லை. செய்தித்தாள்கள் அதை மட்டும்தான் எழுதின. அவனுடைய இணைய ஒலிபரப்பு நிலையம் மூடப்பட்டது. ஒலிவாங்கிகூட ஏலத்துக்குப் போனது.

5

முடிவு, முதல் வரைவு: லைல் தலைகுனிந்து மன்னிப்புக்...

பொய். நீதிமன்றப் படியிலேயே நின்று, நடுவர்களும் நடிகர்கள்தான் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான்.

இரண்டாம் வரைவு, இது நடந்தது: தீர்ப்புக்குப் பிறகு தாழ்வாரத்தில் ஒருவன் எங்களை வழிமறித்தான். ஓஹையோவில் லாரி ஓட்டுகிறவன். பெயர் வெஸ்லி. தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தான்.

"உங்களுக்குப் போன் பண்ணினவங்கள்ல நானும் ஒருத்தன் சார். ஒரு கிறிஸ்மஸ் அன்னிக்கு. அந்தாள் சொன்னத அப்படியே நம்பிட்டேன்." ரஸை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க கோர்ட்ல சொன்ன அந்தப் படகு ஹாரன் விஷயத்த எவனாலயும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது. அவ... நெஜமாவே இருந்தா, இல்ல?"

"இருந்தா" என்றான் ரஸ்.

வெஸ்லி கையை நீட்டினான்.

"ரஸ், வா. போலாம்" என்றாள் டார்லீன்.

அதன்பின் நடந்ததைப் பார்த்த மூன்றாவது ஆள் நான். அதை எழுதத்தான் வேண்டும் என்கிறான் ரஸ். "எழுதினா இனிமே உன்னோட பேசமாட்டேன். அந்தக் கிறிஸ்மஸ் அன்னிக்குப் போன எடுத்தது இவரில்ல, நான்" என்கிறாள் டார்லீன். இருவருமே எனக்கு வேண்டியவர்கள். இருவர் சொல்வதும் நியாயம்.

அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். வெஸ்லியின் கை நீண்டிருக்கிறது. கதவருகே டார்லீன் மேல்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள்தான் ரஸ்.