ஹேண்டில் திரும்பினாலும் திரும்பாத பை

அந்தப் பல் செட் பட்டறையில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மாட்டார்கள். நாலாவது ஆள்தான் பல்லக்கா. தன் கையால் அடுக்கிய பல்லைத் தானே சைக்கிளில் கிளினிக்குக்கு எடுத்துப் போக வேண்டும், அது வாய்க்குள் போகும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். "வாயைப் பாக்காம பல்லு செய்யறதுல என்ன இருக்கு?" என்று கேட்பாள். மற்ற மூவரும் குனிந்து பல் அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பத்து வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அவள் எடுத்துப் போவது முடிந்த பல் செட் இல்லை. வாய் அளவுக்கு வார்த்த பிளாஸ்டர் தாடைமேல் மெழுகு, மெழுகில் பதித்த பற்கள். வாயில் வைத்துப் பார்த்துச் சரி செய்த பிறகுதான் அதைக் கெட்டியாக வார்ப்பார்கள். அதுவரை பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். பல்லக்காவும் சைக்கிளின் முன்னால் மாட்டிய கம்பிக் கூடைக்குள் ஸ்பாஞ்சு அடைத்து, கண்ணும் கருத்துமாகத்தான் கொண்டுபோனாள். ஆனால் ஒரே மாதத்தில் கூடை இரண்டு முறை பல்லிளித்துவிட்டது. முதல் தடவை இரண்டு பற்கள் கழன்றன. இரண்டாவது தடவை டாக்டரம்மா டப்பாவைத் திறந்தபோது உள்ளே சோழி குலுக்கிப் போட்டதுபோல் பற்கள் கிடந்தன.

முதலாளி கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் பல்லக்காவும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க மேஜையிலயே இருந்துடுங்கம்மா. பார்சல்காரர் வந்து வாங்கிட்டுப் போகட்டும்."

அதற்கடுத்த திங்கட்கிழமை போக வேண்டிய செட் யாருடையது தெரியுமா? பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்யும் அம்மாவுடையது. அந்தக் குரலைக் கேட்டு ஊரே பஸ் ஏறும். முன்பற்கள் போன பிறகு அந்த அம்மா லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக மைக்கைப் பிடித்தவர் சொல்வது அவருக்கே புரியாது. எத்தனை பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்களோ. இந்தச் செட்டும் உதிர்ந்தால் இனி எல்லாப் பல்லும் பார்சல்காரர் கைக்குத்தான் என்று பல்லக்கா கணக்குப் போட்டாள்.

சனிக்கிழமை மாலை நாத்தனாரின் சைக்கிள் கடைக்குப் போய் நின்றாள். நாத்தனாருக்குக் கையெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் கிண்டல்.

"இன்னும் பெரிய கூடையா மாட்டு. ஸ்பாஞ்சு இன்னும் ரெண்டு அடுக்கு வைக்கணும்" என்றாள் பல்லக்கா.

"ஏன் அண்ணி, நீங்க செய்யற பல்லு செட் வாய்க்குள்ள ஆடாம எப்படி நிக்குது? பஞ்சு அடைச்சா?"

"பஞ்சா? ஈறோட அச்சுல அப்படியே உக்காரணும். நூல் இடைவெளி இருந்தாக்கூட ஆடும்."

"அப்போ டப்பாக்குள்ள மட்டும் எதுக்கு மெத்தை போட்டுக் குதிக்க விடறீங்க?"

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்த விஷயம், தன் டப்பா என்று வந்ததும் தலையில் ஏறவே இல்லை. பிளாஸ்டரிலேயே அச்சு எடுத்து, தாடை அசையாமல் உட்காரும்படி டப்பாவுக்குள் வார்த்துவிட்டால் போதும்.

"ஆனா கனமாயிடுமே" என்றாள்.

"அதனாலதான் கூடை வேணாங்கறேன். ஹேண்டில்ல மாட்டினா கனம் ஹேண்டிலோட சேந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கும். பின்னாடி கேரியர்ல வச்சா உங்க கண்ணு ரோட்டுல இருக்காது, முதுகுலதான் இருக்கும். இதைப் பாருங்க." நாத்தனார் ஒரு சின்ன இரும்புத் தாங்கியைத் தூக்கிக் காட்டினாள். "இதுவும் முன்னாடிதான், ஆனா ஹேண்டில்ல இல்லாம சைக்கிளோட உடம்புல நட்டு போட்டு நிக்கும். நீங்க எப்படித் திருப்பினாலும் இது நேராத்தான் பாக்கும். மேல பழைய டியூபைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டறேன். குலுக்கலை அது வாங்கிக்கும்."

அதன்மேல் வைக்க அவள் எடுத்தது பளபளவென்ற கறுப்புப் பை. கடையிலேயே அதுதான் அழகு. பல்லக்கா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கறுப்பு வேணாம். வெயில்ல பத்து நிமிஷம் போனா உள்ள மெழுகு இளகிடும். மெழுகு இளகினா பல்லு அது இஷ்டத்துக்கு நடக்கும்."

நாத்தனார் கறுப்புப் பையை மறுபடி ஆணியில் மாட்டினாள். உள்ளேயிருந்து மூலையில் தூசி படிந்து கிடந்த வெள்ளை கான்வாஸ் பையை எடுத்து வந்து, தானே தட்டித் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவுக்குள் அச்சை வார்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது பல்லக்காவுக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது. ஹேண்டில் திரும்புகிறது, பை திரும்பவில்லை. கண் பையை நம்பியது, கை ஹேண்டிலை நம்பியது. சைக்கிள் யாரையும் நம்பாமல் ஒரு வேலிக்குள் போய் நின்றது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். நாற்பது சுற்று சுற்றிய பிறகு, பையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கப் பழகினாள்.

திங்கட்கிழமை காலை முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையின் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பினாள். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினாள். பாதி வழியில், நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். பின் சக்கரம் மேலே எழும்பி, தொப்பென்று மறுபடி ரோட்டில் இறங்கியது. கார்க்காரர் மன்னிப்புக் கேட்டது அவள் காதில் விழவே இல்லை. அங்கேயே திறந்து பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. வெயிலில் திறந்தால் அதுவே வினையாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

கிளினிக்கில் டாக்டரம்மாதான் டப்பாவைத் திறந்தார். பல்லக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுகூட அசையலையே" என்றார் டாக்டரம்மா.

பல்லக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் வேலை முடியவில்லை. அறிவிப்பு அம்மா பல்லை மாட்டிக்கொண்டு பேசிப் பார்த்தார். ஒவ்வொரு "ச"வுக்கும் கூடவே ஒரு விசில் வந்தது. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"இப்படித்தான் இருக்குமா இனிமே?"

பல்லக்கா குனிந்து, அவரை மறுபடி மறுபடி பேசச் சொல்லி, உதட்டையும் நாக்கையும் பார்த்தாள். மேலே முன்பல் இரண்டும் ஒரு மயிரிழை முன்னால் நின்றன. மேஜையில் உட்கார்ந்திருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் இது தெரிந்திருக்காது. கத்தியைச் சுடரில் காட்டி மெழுகை இளக்கி, இரண்டையும் உள்ளே தள்ளினாள். மெழுகு இறுகக் காத்திருந்து மறுபடி மாட்டினாள்.

அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கவனத்திற்கு. சந்தை வழியாகச் செல்லும் ஆறாம் எண் சொகுசுப் பேருந்து, இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்."

ஒரு பிசிறு இல்லை. வெளி அறையில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று எழுந்தார்.

"உக்காருங்க. இது பல் ஆஸ்பத்திரி" என்றாள் அவர் மனைவி.

அறிவிப்பு அம்மா சிரித்தார். பிறகு அழுதார். பிறகு பல்லக்காவின் மெழுகு ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பல்லக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவளும் அழுதாள்.

டாக்டரம்மா முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "இனிமே என் கிளினிக்குக்கு வர்ற செட்டுக்குப் பின்னாடி இவங்களும் வரணும்" என்று முடித்தார். பிறகு முதலாளி, பல்லக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"நாளைக்கு இன்னும் ரெண்டு கிளினிக் இருக்கும்மா. போயிட்டு வந்துடறீங்களா?"

"போறேன் சார்" என்றாள் பல்லக்கா. "அந்தப் பார்சல்காரர் நம்பரை அழிச்சிடுங்க."